ஈ.பி. நமக்கு பாக்கி

ஜூன் 12

இன்றும் ஏசி சண்டை. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது, ஏசி சண்டை மட்டும் மூன்று கோடையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில் என் உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து உச்சந்தலை வரை குப்பென்று காந்துகிறது. ஜாக்கெட் தெப்பமாக நனைகிறது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்துவிடுகிறேன். லேடி டாக்டர், "இந்த வயசுல வர்றதுதாம்மா. நல்லாத் தூங்கினாலே பாதி சரியாயிடும். ரூமைக் குளுகுளுன்னு வச்சுக்கோங்க" என்றார். கோவில்பட்டியில் ரூமைக் குளுகுளுவென்று வைக்க வேண்டுமென்றால் ஒன்று ஏசி வாங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போக வேண்டும்.

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். தீப்பெட்டிக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு அறையிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தால், இன்னொரு கால் உள்ளே இருக்கும்போதே ஃபேனை அணைத்துவிடும் மகராசன்.

"எங்கம்மா ஏசி போட்டா தூங்குனா?" என்றார்.

"உங்கம்மா தூங்குனத நீங்க எங்க பாத்தீக? உங்க குறட்டையில அவுக என்ன பாடுபட்டாகளோ" என்றேன்.

கறிவேப்பிலை பறிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார். தூத்துக்குடியில் அவர் தங்கச்சி மாடியில் சோலார் போட்டிருக்கிறாளாம். வெயிலில் வருகிற கரண்டு வீட்டுக்குப் போக மிச்சம் ஈ.பி.க்குப் போய்விடுமாம். நாம் எடுத்த யூனிட்டில் நாம் கொடுத்த யூனிட்டைக் கழித்துக்கொள்வார்களாம். கொடுத்தது கூடுதலாக இருந்தால் நம் பேரில் வரவு நிற்குமாம்.

இவர் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழாததுதான் பாக்கி. "ஈ.பி.க்காரன் நமக்கு பாக்கியா? டீச்சர், நீங்களே சாட்சி. ஒரே ஒரு யூனிட்டு அவன் நமக்குக் குடுக்கணும்னு பில்லு வரட்டும், அன்னைக்கே நான் போயி ஏசி வாங்கியாந்து மாட்டுதேன். சித்திரை பொறக்குறதுக்குள்ள வரலைன்னா, சாகுற வரைக்கும் இவ ஏசிங்குற பேச்சை எடுக்கக் கூடாது."

"சரி" என்றேன். யோசிக்கவே இல்லை. என் சீட்டு இந்த மாதம் முடிகிறது.

ஜூன் 20

சீட்டை எடுத்துவிட்டேன். வளையல் எடுக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் நினைத்திருக்கிறது.

ஜூலை 15

சோலார் கம்பெனியின் செல்வின் ஆட்களோடு வந்து மாட்டிவிட்டுப் போனார். மாடியில் இரும்புச் சட்டத்தின் மேல் நாலு பலகை, தெற்கைப் பார்த்துச் சாய்ந்து படுத்திருக்கின்றன. படிக்கட்டுக்குக் கீழே சுவரில் ஒரு பெட்டி. பலகைகள் நாலும் வேலை எப்போது என்று வெயிலிலேயே காத்துக் கிடக்கின்றன, இந்த வீட்டில் அப்படி ஒரு ஆண்பிள்ளையை நான் கண்டதில்லை.

போகும்போது செல்வின், "அக்கா, சுவிட்சை இப்ப போட்டுறாதீங்க. ரெண்டு பக்கமும் எண்ணுத புது மீட்டர் ஈ.பி.லேர்ந்து வரணும். எழுதிக் குடுத்தாச்சு. மாசம் ஒண்ணு, ஒண்ணரை ஆகும்" என்றார்.

மாசம் ஒன்று என்றால் ஆடி. நாளை ஆனி கடைசி நாள். ஆடியில் யாராவது புதுசாக ஒன்றைத் தொடங்குவார்களா? செல்வின் சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு ஆடியும் ஒன்று ஐப்பசியும் ஒன்று. எனக்கு அப்படியா.

ஜூலை 16

காலை நல்ல நேரத்தில் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் காட்டி, நானே சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

இவர் தள்ளி நின்று பார்த்தார். "பூசை போட்டா சூரியன் ரெண்டு ரவுண்டு கூட வருமோ" என்றார். ஆனால் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 27

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் பலகைகள் பறக்கவில்லை. கரிசல் புழுதிதான் வீடு முழுக்க. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது.

ஆகஸ்ட் 5

பில் வந்தது. கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாக இந்த வீட்டுக்கு இவ்வளவு பெரிய பில் வந்ததில்லை.

இவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேப்பர் போடுகிறவரிடம் சொன்னார், இஸ்திரிக் கடையில் சொன்னார், சலூனில் போய் முடிவெட்டாமலே சொல்லிவிட்டு வந்தார். "எங்க வீட்டுல சோலார் போட்டுருக்கோம்லா, பில்லு ரெட்டிப்பு."

செல்வினுக்கு போன் போட்டுக் கத்தினேன். பாவம், முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார். "அக்கா, சுவிட்சைப் போட்டீங்களா?"

"ஆனியிலேயே போட்டாச்சே."

"போச்சு. பழைய மீட்டருக்கு வர்றது போறது தெரியாதுக்கா. வாசல்ல ஒருத்தன உக்கார வச்சு, உள்ள வர்ற ஆளையும் வெளிய போற ஆளையும் சேத்து எண்ணச் சொன்ன மாதிரி. நீங்க அவங்களுக்குக் குடுத்த கரண்டையும் நீங்க எடுத்ததா எழுதிருச்சு."

ஆக, நான் ஈ.பி.க்கு இனாமாகக் கரண்டு கொடுத்து, அதற்கு நானே காசும் கட்டப் போகிறேன். தப்பு முழுக்க என்னுடையதுதான். நாள் பார்த்தேன், நேரம் பார்த்தேன், மீட்டரைப் பார்க்கவில்லை. போய் சுவிட்சை அணைத்தேன். பெட்டியில் குங்குமம் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 6

நேற்று இரவு முழுக்கக் குளியலறை வாசலில் சிமெண்டுத் தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுத்தேன். இவர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார், இரண்டு தடவை தாண்டி வந்தார்.

செப்டம்பர் 11

புது மீட்டர் வந்தது.

ஈ.பி. ஆள் ஒருவர் மாட்டிவிட்டு, எண்கள் மாறி மாறி வருவதைக் காட்டினார். ஒன்று நாம் எடுத்தது, இன்னொன்று நாம் கொடுத்தது. அவர் போன பிறகு சுவிட்சைப் போட்டேன், நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு மீட்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். கொடுத்த எண் ஒன்று ஏறியது. பிள்ளை முதல் அடி எடுத்துவைத்ததைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"சமையல் உண்டா இன்னைக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நேத்து வச்ச கொழம்பு இருக்கு" என்றேன். இன்னொன்று ஏறியதும் எழுந்து போனேன்.

அக்டோபர் 6

பில் குறைந்திருக்கிறது. ஆனால் கொடுத்ததைவிட எடுத்ததுதான் கூடுதல். "இன்னும் ஆறு மாசம் கெடக்கு, அவசரப்படாத" என்று இவர் ஆறுதல் சொல்கிற மாதிரி குத்தினார்.

நவம்பர் 18

மழை. சூரியன் லீவு.

டிசம்பர் 7

பில் இன்னும் மோசம். அழுதேன். ஏசிக்காக ஒருத்தி அழுதாள் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நான் ஏசிக்காக அழவில்லை, தூக்கத்துக்காக அழுதேன். ஊரெல்லாம் மழையில் குளிர்கிறது, எனக்கு மட்டும் வேர்க்கிறது. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, படுத்தால் விடியும்போது எழுந்திருக்க வேண்டும். அதைக் கேட்கிறதற்கு இவ்வளவு கூத்து.

டிசம்பர் 10

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிப்போனேன். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கண் திறந்தேன். இவர் அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் உட்கார வைத்தார்.

பால் வீணாய்ப் போனதற்குத் திட்டவில்லை. கேஸ் போனதற்கும் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை விடவே இல்லை.

ஜனவரி 8

இவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று. விடிந்தும் விடியாமல் மாடிக்குப் போகிறார். கேட்டால் வாக்கிங்காம். "தெருவுல நாய்த் தொல்லை" என்கிறார். எந்த நாய் இவரை இத்தனை வருஷமாகக் கடித்தது?

வேட்டியின் கீழ்ப்பக்கம் நனைந்திருக்கிறது. குளியலறை வாளியைக் காணோம். நான் கிழித்து வைத்திருந்த பழைய சேலையில் பாதியைக் காணோம். மார்பு வலி வந்த வருஷம் சிகரெட்டை விட்டவர், மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? இல்லை, பந்தயத்தில் நான் ஜெயித்துவிடக் கூடாது என்று என் பலகையில் ஏதாவது செய்கிறாரா? செய்கிற ஆள்தான்.

ஜனவரி 20

மீட்டரில் கொடுத்த எண் நன்றாக ஏறுகிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இவரிடம் காட்டினேன். "என்னமோ, வெயில் தெளிஞ்சுருக்கு" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். முழங்காலில் தழும்பு மாதிரி கறுத்திருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன்.

பிப்ரவரி 2

ஜெபமணி டீச்சர் மாடியில் துணி காயப்போடுகிறவர். இன்று கறிவேப்பிலைக்கு வந்தபோது, "ஏ உலகம்மை, உன் வீட்டு அண்ணாச்சிக்கு என்ன வந்துச்சு? தினமும் காலையில முழங்கால் போட்டு உக்காந்து, அந்தப் பலகையை நாலையும் தண்ணி ஊத்தித் துடைக்காரு. காக்கா எச்சத்தை நகத்தால சுரண்டுதாரு. புழுதி ஏறினா கரண்டு பாதிதான் வரும்னு யாருகிட்டயோ கேட்டுட்டு வந்தாராம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சத்தியம் வேற" என்றார்.

"சத்தியம் பண்ணிட்டுச் சொல்லலாமா டீச்சர்?"

"நான் செஞ்சத கர்த்தர் மன்னிப்பாரு. அவரு முழங்காலு அவர மன்னிக்காது" என்றார் டீச்சர்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று இருக்கப் போகிறேன். சாயங்காலம் பஜாருக்குப் போய், நீளக் கைப்பிடி வைத்த மெத்தென்ற துடைப்பான் ஒன்று வாங்கி, மாடிப்படிப் பக்கம் சாத்தி வைத்தேன். வீடு துடைக்க வாங்கினேன் என்று யாரும் கேட்காமலே சொன்னேன். ராத்திரி அவருக்கு இரண்டு முட்டைத் தோசை. என்ன விசேஷம் என்றார். முட்டை மிஞ்சிவிட்டது என்றேன்.

பிப்ரவரி 3

துடைப்பான் ஈரமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

பில். கொடுத்ததும் எடுத்ததும் கிட்டத்தட்ட சமம். கையெட்டும் தூரத்தில் போய்விட்டது.

இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சே" என்றார்.

"என்ன சே? நீங்கதான ஜெயிச்சீக?"

"கால்ல எறும்பு கடிச்சுட்டு" என்று போய்விட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இனி ஒரே ஒரு பில்தான் சித்திரைக்கு முன்னால் வரும்.

மார்ச் 3

மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தெருவே சூரியனைத் திட்டுகிறது. எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து, "நல்லா அடிக்கு" என்று சந்தோஷப்படுகிறோம். ஒருவருக்கொருவர் தெரியாமல்தான்.

மார்ச் 14

ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் இற்றுப்போய்க் குளிர் வெளியே போகிறதாம். இவரே கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்கிவந்து மாட்டினார். "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே கெடக்கு, யூனிட்டத் திங்குது" என்றார். பந்தயம் வைத்தவருக்கு என்ன யூனிட்டைப் பற்றிக் கவலை என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி எனக்குக் காந்தல் தாங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது பனையோலை விசிறியால் விசிறிவிட்டார். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார். தூங்கவில்லை. ஆனால் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

இதை நிதானமாக எழுத வேண்டும். கை ஓடுகிறது.

கணக்கெடுக்கிற பெண் பத்தரை மணி வெயிலில் வந்தாள். வழக்கமாக மீட்டரைப் பார்ப்பாள், போவாள். இன்று வாசலில் இரண்டு பேர் சாமியிடம் வரம் கேட்டு நிற்கிற மாதிரி நின்றதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். கையிலிருந்த மெஷினில் என்னென்னவோ அழுத்தினாள். சீட்டு வெளியே வந்தது.

"எவ்வளவும்மா?" என்று இவர் கேட்டார்.

"ஒண்ணும் கட்ட வேண்டாம் சார். நீங்க எடுத்ததவிடக் குடுத்தது கூட. பத்தொம்பது யூனிட்டு உங்களுக்கு வரவு நிக்குது. அடுத்த பில்லுல கழிச்சுக்குவாங்க."

"இன்னொரு தடவ சொல்லு தாயி."

"வரவு நிக்குது சார். நாங்கதான் உங்களுக்குத் தரணும்."

நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன். ஆடியில் அசிங்கப்பட்டு, கார்த்திகையில் அழுது, சித்திரைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெயித்துவிட்டேன். வாய் நிறையக் கத்த வேண்டும் என்று இருந்தது. அதற்குள் இவர் கத்திவிட்டார்.

"டீச்சர், வெளிய வாங்க. ஈ.பி. நமக்கு பாக்கி. பத்தொம்பது யூனிட்டு!"

டீச்சர் வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இவர் அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, செருப்பைப் போட மறந்து, பஜாருக்கு ஓடினார். ஒரு கிலோ கடலைமிட்டாய் வாங்கிவந்து தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். பேப்பர் போடுகிறவர், இஸ்திரிக் கடை, சலூன் என்று ஆகஸ்டில் எங்கெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தாரோ அங்கெல்லாம் போய்க் கொடுத்தார். பேத்தி பிறந்திருக்கிறதா என்று சலூன்காரர் கேட்டாராம்.

"ஏங்க, தோத்தது நீங்க" என்றேன்.

"ஆமா, தோத்துட்டேன்" என்றார், வாய் நிறைய மிட்டாயோடு. முப்பது வருஷத்தில் இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனுஷனை நான் பார்த்ததில்லை.

அதே கையோடு ஏசிக் கடைக்குப் போனார். "நாளைக்குப் போலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "அன்னைக்கேன்னு சொல்லிருக்கேன்லா" என்றார்.

ஏப்ரல் 7

ஏசி மாட்டியாகிவிட்டது. வெள்ளையாக, படுக்கைக்கு எதிரில். கடைக்காரப் பையன்கள் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போனதும் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த ஏசி வரவில் இருக்கிற பத்தொன்பது யூனிட்டை எத்தனை நாளில் தின்னும் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். கேட்டே விட்டேன்.

"இனிமே மாடில வாக்கிங் உண்டா, கிடையாதா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"நிறுத்துனா இதுக்கு யாரு கரண்டு குடுப்பா?" என்றார். பிறகு, "எப்பத்துலேர்ந்து ஒனக்குத் தெரியும்?"

"துடைப்பான் வாங்குன அன்னைக்கே."

"அதான பாத்தேன். வீடு தொடைக்கிறதுக்கு யாராவது அவ்வளவு ஒசத்தியா வாங்குவாகளா" என்றார். ரிமோட்டை என் கையில் வைத்தார். "போடுட்டி."

போட்டேன்.

ஏப்ரல் 8

கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். எழுந்தேன். எங்கே இருக்கிறேன் என்று முதலில் புரியவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்தியிருக்கிறேன். போர்வை! அது எங்கேயிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் இவர் இல்லை. ஜன்னல் திரைக்கு வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது.

வாசலில் ஜெபமணி டீச்சர். முகம் வெளுத்திருந்தது.

"உயிரோட இருக்கியா உலகம்மை? பால் பாக்கெட்டு வாசல்லயே கெடக்கு. கோலம் போடல. உங்க வீட்டு அண்ணாச்சி மாடில நின்னுக்கிட்டு, கூப்பிடாதீங்கன்னு எனக்குச் சைகை காட்டுதாரு. எனக்கு மனசு கேக்கல. ஒனக்கு என்ன ஆச்சு?"

"தூங்கிட்டேன் டீச்சர்" என்றேன்.

சொல்லும்போதே எவ்வளவு நன்றாக இருந்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன்.